சித்திரம் எங்கே தங்கிற்று?
தமிழ்க் குழந்தை நூற்பிரசுரமும் நாஞ்சில் நாடு தரும் சான்றும்

வினாவும் அதன் எல்லையும்

தமிழில் குழந்தைகளுக்கான சித்திர நூல் எப்போது பிறந்தது என்னும் கேள்விக்கு நெடுங்காலமாகப் பல விடைகள் கூறப்பட்டு வருகின்றன. மிஷனரிமார் நிறுவிய அச்சுக்கூடங்களில் அதன் பிறப்பைக் காண்போர் உளர். தேசிய மறுமலர்ச்சிக் காலத்துக் கவிஞர்களின் பாட்டில் காண்போர் உளர். கடைத்தெருவில் விற்ற பெரிய எழுத்துப் புத்தகங்களையும் பாவைக்கூத்தின் திரையையும் சுட்டிக் காட்டுவோர் உளர். இவை யாவும் பூர்வாங்கமே, உண்மையான தொடக்கம் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில்தான் என்று சாதிப்போரும் உளர். ஒவ்வொரு கட்சிக்கும் தக்க ஆதாரங்கள் இருக்கின்றன. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றொன்று விழுந்துவிடும் என்று சொல்லத்தக்க நிலை ஏற்படவில்லை.

இதற்குக் காரணம் எதனைச் சித்திர நூல் என்று கொள்வது என்பதிலேயே கருத்தொருமை இல்லாமையே. வார்த்தையால் நிறைவு பெற்றுவிட்ட ஒரு நூலில் அலங்காரத்திற்காகவோ விளக்கத்திற்காகவோ படம் சேர்ப்பது ஒருவகை. படத்தை எடுத்துவிட்டால் கதையே நிற்காதபடி எழுத்தும் ஓவியமும் சரிபாதியாய் நின்று பொருள் தருவது இன்னொரு வகை. முன்னதைப் படம் சேர்த்த நூல் என்றும், பின்னதைப் படநூல் என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்திக் கொள்வோம். முன்னது தமிழுக்கு மிகவும் பழையது. பின்னது வியக்கத்தக்க அளவு புதியது. ஆகவே ‘எப்போது’ என்ற கேள்வியைக் காட்டிலும், ‘முன்னதற்கும் பின்னதற்கும் இடையே இத்தனை நீண்ட காலம் கழிந்தது ஏன்’ என்ற கேள்வியே ஆராய்ச்சிக்கு உரியது.

அதனை ஆராய்வதற்கு, இக்கட்டுரையில் நாஞ்சில் நாடு என்று பொதுவாகச் சுட்டும் கன்னியாகுமரி மாவட்டம் தகுந்த பரீட்சைக் களமாக அமைகிறது. ஏனெனில், ஒவ்வொரு கட்சியினரும் இன்றியமையாததென்று கூறும் காரணம் ஏதேனும் ஒரு காலத்தில் இந்தச் சிறிய நிலப்பரப்பில் இருந்தே வந்திருக்கிறது.

அச்சுக்கூடமும் மிஷன் பள்ளியும்

முதற் கட்சி அச்சின் சரித்திரத்தை ஆதாரமாகக் கொள்வது. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூலின் முகப்பிலேயே மரச்செதுக்கால் பதித்த தெய்வச் சித்திரம் ஒன்று உண்டு. அதற்கு மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’, சிறுவர்க்குச் சமயம் கற்பிப்பதற்கென்றே மார்க்கோஸ் ஜோர்ஜ் என்பவர் போர்த்துக்கீசிய மொழியில் வினாவிடையாக இயற்றிய நூலின் தமிழாக்கம். எனவே, தமிழ் எழுத்து அச்சேறிய முதலிரண்டு ஆண்டுகளிலேயே சித்திரமும் சிறுவரும் புத்தகத்தினுள் புகுந்துவிட்டனர் என்று ஒருவர் வாதிப்பாரானால், அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சித்திரம் ஒரு நூலிலும் சிறுவர் மற்றொரு நூலிலுமாக நின்றனர் என்பதும் கவனிக்கத்தக்கது. உலகின் முதல் குழந்தைப் படநூல் என்று பொதுவாகக் கருதப்படும் கொமேனியஸின் ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ 1658இல் நியூரம்பர்க்கில் வெளிவந்தபோது, ஒவ்வொரு படத்திலும் எண்ணிட்டு, அவ்வெண்ணுக்கு நேராகச் சொல்லைக் கொடுத்து, இரண்டையும் ஒரே பாடமாகப் பிணைத்தது. அத்தகைய பிணைப்பு நம்மிடம் உண்டாகவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கட்சிக்கு மேலும் வலுவான சான்றுகள் கிடைக்கின்றன. ரிங்கல்தௌபே பாதிரியார் 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் தொடங்கிய லண்டன் மிஷன் பணி, சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்டது. 1820ஐ ஒட்டி அங்கு அமைக்கப்பட்ட அச்சுக்கூடம் திருவிதாங்கூர் இராச்சியத்தின் முதல் அச்சுக்கூடமாக எண்ணப்படுகிறது. பள்ளிப் புத்தகங்களும் துண்டுப் பிரசுரங்களும் அங்கிருந்து பெருவாரியாக வெளிவந்தன. தமிழின் முதற் சிறுவர் இதழாக இதழியல் வரலாற்றாசிரியர் குறிப்பிடும் ‘பாலதீபிகை’ 1840இல் நாகர்கோவிலிலிருந்தே காலாண்டு இதழாக வெளிவந்தது என்றும் கூறுவர். சென்னையிலோ, 1820இல் ஏற்பட்ட பாடப்புத்தகச் சங்கமும், 1858இல் தோன்றிய கிறிஸ்தவ சுதேச பாஷைக் கல்விச் சங்கமும் பாலர் வாசகங்களை அச்சிட்டுப் பரப்பின. 1870களில் வெளிவந்த ‘ஜனவிநோதினி’ மாணவர்க்கென்று படங்களோடு நடந்தது.

இக்கட்சியின் பலவீனம் படங்களின் பிறப்பிடத்தைப் பற்றியது. மிஷன் பிரசுரங்களில் காணும் படங்களிற் பல சீமையிலே வேறு நூல்களுக்காகச் செதுக்கப்பட்ட கட்டைகளின் வார்ப்புகள். கையிலிருந்த படத்துக்கு ஏற்ப வாசகத்தை அமைப்பதும், வாசகத்துக்குச் சிறிதும் இயையாத படத்தைச் சேர்ப்பதும் அன்று வழக்கமாயிருந்தன. இதனினும் தெளிவான உதாரணம் ஒன்றுண்டு. வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குருவின் கதை’ 1822இல் லண்டனில் தமிழ் மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் அச்சாயிற்று. ஆனால் குருவையும் சீடர்களையும் ஐம்பது சித்திரங்களில் உருவெடுக்கச் செய்தவர் ஆல்பிரட் குரோக்வில் என்னும் ஆங்கில ஓவியர். அவை இடம்பெற்றது 1861இல் வெளிவந்த ஆங்கிலப் பதிப்பில். தமிழ்க் கதை தன் சித்திரவரிசையை ஆங்கில வாசகர்களுக்காகவே பெற்றது. அச்சுக்கூடம் இருந்த இடத்தில் சித்திர நூல் தானே முளைக்கும் என்னும் கருத்தை இவ்வரலாறு ஆதரிக்கவில்லை.

பாட்டே முதல் என்னும் கட்சி

இரண்டாவது கட்சியார் மிஷன் வாசகங்களைப் பாடப்புத்தகம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். தாண்டவராய முதலியார் 1826இல் வெளியிட்ட ‘பஞ்சதந்திரம்’, 1850ஐ ஒட்டி யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் எழுதத் தொடங்கிய ‘பாலபாடம்’ ஆகியவற்றையும் நீதியையும் நடையையும் கற்பிக்கும் சாதனங்களாகவே அவர்கள் மதிப்பிடுவர். குழந்தையின் மகிழ்ச்சியையே நோக்கமாகக் கொண்ட இலக்கியம் 1915இல் வெளிவந்த பாரதியின் பாப்பாப் பாட்டிலும், அதைச் சூழ்ந்த காலத்தில் நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இயற்றிய பாடல்களிலும்தான் தொடங்குகிறது என்பது அவர்கள் சித்தாந்தம். கவிமணியின் சிறுவர் பாடல்கள் 1938இல் வெளிவந்த ‘மலரும் மாலையும்’ தொகுதியிலும், பின்னர் ‘குழந்தைச் செல்வம்’ என்னும் தனி நூலிலும் இடம்பெற்றன. அவரை முன்னோடியாகக் கொண்டு அழ. வள்ளியப்பா 1944இல் ‘மலரும் உள்ள’த்தை வெளியிட்டார், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது.

இக்கட்சிக்கு ஓர் உண்மைப் பலம் உண்டு. பசுவையும் கிளியையும் காக்கையையும் பொம்மைக் கலியாணத்தையும் பாடிய கவிமணியின் பாடல்களில் காட்சி சொல்லிலேயே அமைந்துவிடுகிறது. ஓசை கண்முன் உருவத்தை நிறுத்துகிறது. நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் ஆசிரியராகப் பல்லாண்டு பணியாற்றி 1931இல் ஓய்வு பெற்ற அவருக்கு, வகுப்பறையில் குழந்தை எதைக் கேட்டு மகிழும் என்பது நன்கு தெரிந்திருந்தது. கேட்டுப் பாடி மனப்பாடம் செய்யும் மரபு வலுவாக இருந்த சமூகத்தில் குழந்தை இலக்கியம் செவிவழியே புகுந்தது இயல்பே என்று இவர்கள் கூறுவதில் நியாயம் இருக்கிறது.

ஆயினும் அந்தப் பலமே பலவீனமாகவும் முடிகிறது. பாட்டுத் தன்னளவில் பூரணமானது என்னும் நம்பிக்கை, படத்தைப் பதிப்பாளர் வசதிக்கேற்ப இடத்தை நிரப்பும் பொருளாக ஆக்கிவிட்டது. ஒரே பாட்டு ஒரு வாசகத்தில் ஓர் ஓவியத்தோடும், மற்றொன்றில் வேறோர் ஓவியத்தோடும், இன்னொன்றில் ஓவியமே இன்றியும் வெளிவருவதை எவரும் குறையாகக் கருதவில்லை. ஓவியர் பெயரைக் குறிப்பிடாமல் விடுவதும் வழக்கமாயிற்று. குழந்தை இலக்கிய வரலாறுகள் பெரும்பாலும் கவிஞர், கதாசிரியர் வரிசையாகவே எழுதப்பட்டிருக்கின்றன என்பதும் இக்கட்சியின் செல்வாக்கைக் காட்டும்.

குழந்தைப் பருவம் என்பதே பிற்காலக் கற்பிதம் என்று பிலிப் ஆரியெஸ் 1960இல் ஐரோப்பாவைப் பற்றிக் கூறிய கருத்தைக் கொண்டு, தமிழருக்குக் குழந்தையைத் தனியே நோக்கும் பார்வை காலனி ஆட்சியோடுதான் வந்தது என்று சிலர் வாதிப்பதுண்டு. குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பகுத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் உள்ள மொழியில் இவ்வாதம் முழுமையாகப் பொருந்தாது. ஆனால் பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பற்றியதேயன்றிக் குழந்தை படிப்பதற்கானதன்று என்ற அளவில் அவ்வாதத்திலும் ஒரு பகுதி எஞ்சி நிற்கிறது.

பெரிய எழுத்தும் பாவைக்கூத்தும்

மூன்றாவது கட்சி மேற்கூறிய இரண்டையும் படித்தோர் பார்வை என்று மறுப்பது. சென்னையில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற வெளியீட்டாளர் அச்சிட்டுத் திருவிழாக்களிலும் சந்தைகளிலும் விற்ற விக்கிரமாதித்தன் கதை, நல்லதங்காள் கதை முதலிய பெரிய எழுத்துப் புத்தகங்களில் தடித்த கோடுகளாலான படங்கள் உண்டு. அவை குழந்தைகளுக்கென்று வெளியிடப்படாவிட்டாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய சிறுவர் பலருக்கு முதற் சித்திர நூல் அவையாகவே இருந்திருக்கக் கூடும் என்பது இவர்கள் ஊகம். அதற்கும் முற்பட்டு, சித்திரத்தைத் தொடர் கதையாகக் காணும் பழக்கத்தைக் கூத்துக்கலை ஊட்டியிருந்தது என்று இவர்கள் கூறும்போது நாஞ்சில் நாடு மீண்டும் முன்வருகிறது. இம்மாவட்டத்தில் வாழும் மராத்தி பேசும் கலைஞர் குடும்பங்கள் நிகழ்த்திவரும் தோல்பாவைக்கூத்தை அ.கா. பெருமாள் விரிவாக ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார். வண்ணம் தீட்டிய தோலுருவங்கள் விளக்கொளியில் அசைய, அவற்றின் பின்னிருந்து ஒருவரே பல குரலில் இராமகதையை நடத்தும் அக்கலையில், படமும் சொல்லும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நிற்கின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகைச் சுவர்களில் உள்ள ஓவியங்களும் இந்நிலத்தின் சித்திர மரபுக்குச் சாட்சி.

இக்கருத்தின் அருமை, தமிழ்க் குழந்தைக்குச் சித்திரக் கல்வியே இல்லாதிருந்தது என்னும் எண்ணத்தைத் தகர்ப்பதில் இருக்கிறது. ஆனால் அம்மரபு நூலுக்குள் வந்து சேர்ந்ததற்குப் போதிய சான்று இல்லை. கூத்தின் பாவையை வரைந்த கைகளைப் பதிப்பாளர் எவரும் நாடிச் சென்றதாகத் தெரியவில்லை. திருவிதாங்கூரின் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா 1894இல் பம்பாய்க்கு அருகே நிறுவிய லித்தோ அச்சகம் ஆயிரக்கணக்கான இல்லங்களுக்குத் தெய்வப் படங்களைக் கொண்டு சேர்த்தது. அப்படங்கள் சுவரை அடைந்தனவே அன்றிக் குழந்தையின் கைப்புத்தகத்தை நாடவில்லை. மரபு இருப்பது வேறு. அதனைப் பிரசுரமாக மாற்றும் ஏற்பாடு இருப்பது வேறு.

பிளாக்கு, காகிதம், விலை

நான்காவது கட்சி பொருளாதாரக் காரணங்களை முன்வைக்கிறது. ஈய எழுத்தைக் கோத்து அச்சிட்ட நாட்களில் ஒவ்வொரு படத்துக்கும் தனியே பிளாக்குச் செய்ய வேண்டியிருந்தது. கோட்டுப் படத்துக்கு ஒரு கிரயம், சாயல் காட்டும் ஹாஃப்டோன் படத்துக்கு அதனினும் அதிகக் கிரயம், மூவண்ணமானால் மூன்று தகடுகள், மூன்று முறை அச்சு. ஹாஃப்டோன் நன்கு பதிவதற்கு வழவழப்பான காகிதமும் வேண்டும். இத்தனை செலவும் ஆயிரம் இரண்டாயிரம் பிரதிகளே விற்கும் நூலின் விலையில் ஏறினால், அதை வாங்கத்தக்க தமிழ்க் குடும்பம் எத்தனை இருக்கும் என்பது பதிப்பாளரின் கேள்வி. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின் நூலகக் கொள்முதல் தமிழ்ப் பதிப்பகங்களுக்கு ஓர் ஆதாரமாயிற்று. ஆனால் பக்கக் கணக்கையே முக்கிய அளவாகக் கொண்டு விலையிடும்போது, பக்கம் குறைந்து படமும் வண்ணமும் மிகுந்த நூல் நஷ்டத்துக்கே உள்ளாகும் என்ற முறையீடு பதிப்புலகில் நெடுநாளாக இருந்துவருகிறது.

இவ்விளக்கத்தின் வலிமையை மறுப்பதற்கில்லை. எனினும் வங்காளத்தின் உதாரணம் இதற்கு ஒரு வரம்பு விதிக்கிறது. அங்கே உபேந்திரகிஷோர் ராய் எழுத்தாளராகவும் ஓவியராகவும் இருந்ததோடு, ஹாஃப்டோன் முறையைத் தாமே ஆராய்ந்து திருத்தி, தமது சொந்த அச்சகத்தில் நூல்களைப் பதித்தார். 1910இல் ‘துன்துனிர் போய்’ நூலையும், 1913இல் ‘சந்தேஷ்’ இதழையும் வெளியிட்டார். அவர் மகன் சுகுமார் ராயின் ‘ஆபோல் தாபோல்’ 1923இல் அவர் வரைந்த சித்திரங்களோடே வெளிவந்தது. வங்காளக் குடும்பங்கள் தமிழ்க் குடும்பங்களைவிடப் பெருஞ்செல்வம் படைத்தவை என்று சொல்வதற்கில்லை. காகிதமும் அங்கே இலவசமாகக் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலும் 1870களில் வால்டர் கிரேன், ரண்டால்ப் கால்டிகாட், கேட் கிரீனவே ஆகியோரின் வண்ணப் படநூல்கள் மலிந்த விலைக்குக் கிடைத்ததற்கு, எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சாளரே ஓவியரைத் தேர்ந்து, பெரும்பதிப்பு அச்சிட்டு, வெளியீட்டாளரோடு பேசி முடித்ததே காரணம். ஆகவே செலவு ஒரு தடை என்பது மெய். அத்தடையைக் கடக்கும் வழியும் இருந்தது, அதற்கு எழுத்தையும் ஓவியத்தையும் அச்சையும் ஒருங்கு நோக்கும் ஒரு கை தேவைப்பட்டது.

சஞ்சிகைகளின் ஆட்சி

தமிழில் அந்தக் கை நூற்பதிப்பகத்தை விட்டுச் சஞ்சிகைக் காரியாலயத்தில் இருந்தது என்பது ஐந்தாவது கட்சி. சான்றளவில் இதுவே மிகச் செழிப்பானது. 1906இல் பாரதியின் ‘இந்தியா’ கேலிச்சித்திரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1930களில் ‘ஆனந்த விகட’னில் மாலியும், பின்னர் கோபுலுவும் ஓவியத்தைப் பத்திரிகையின் உயிர்நிலையாக ஆக்கினர். நாகி ரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’ இதனைக் குழந்தைகளுக்கு உரியதாக்கியது. எம்.டி.வி. ஆசாரியா, சித்ரா, வேதாளத்தைத் தோளில் சுமந்த விக்கிரமாதித்தனின் உருவத்தை நிலைநாட்டிய சங்கர் ஆகியோர் அதன் மாதச் சம்பளம் பெற்ற ஓவியர்கள். கலைமகள் காரியாலயத்தின் ‘கண்ணன்’ 1950 முதல் 1972 வரை நடந்தது. 1972இல் ‘கோகுலம்’ தோன்றியது. அதே ஆண்டு சிவகாசியில் ‘முத்து காமிக்ஸ்’ பிரிட்டிஷ் படக்கதைகளைத் தமிழாக்கி வெளியிடத் தொடங்கியது. 1984இல் வாண்டுமாமாவை ஆசிரியராகக் கொண்டு ‘பூந்தளிர்’ வந்தது.

ஓவியருக்கு நிலையான ஊதியம், பெரிய அச்சுத்தொகை, தவணை தவறாத சந்தை ஆகிய மூன்றும் சஞ்சிகையில் ஒருங்கே வாய்த்தன. நூலுக்கு இல்லாத பொருளாதார ஆதாரத்தைச் சஞ்சிகை தானே படைத்துக்கொண்டது. இதனால் தமிழ்ச் சித்திரக்கலை குழந்தைகளைச் சென்றடையவில்லை என்னும் புகார் தவறென்பது விளங்கும். ஆனால் சஞ்சிகையின் படம் அடுத்த மாதம் பழையதாகிவிடும். நூலாக மறுபிறப்பு எடுத்தவை சொற்பம். தொடர்கதை நூலாகும்போது எழுத்து மட்டும் வந்து சேர்ந்து, ஓவியம் பழைய இதழ்களிலேயே தங்கிவிடுவது பொதுவழக்கம். ‘அம்புலிமாமா’வே 2010களில் நின்றுபோனபோது, அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட ஓவியச் செல்வத்திற் பெரும்பகுதி நூல் வடிவம் பெறாமலே இருந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ படங்களை நிலையான நூலில் நிறுத்திய பெருமுயற்சி. ஆனால் அது அறிவு நூல், கதைநூலன்று.

வெளியிலிருந்து வந்த படநூல்

தமிழ்க் குழந்தை பரவலாகக் கையிலெடுத்த முதற் படநூல்கள் வேறு நாட்டிலும் வேறு மாநிலத்திலும் உருவானவை என்று ஆறாவது கட்சியார் சுட்டுவர். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், 1982 முதல் ரதுகா பதிப்பகமும் ருஷ்ய ஓவியரின் வண்ணப்படங்களோடு அங்கேயே தமிழில் அச்சிட்டு அனுப்பிய நூல்களை, 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மிகக் குறைந்த விலையில் ஊர்தோறும் விற்றது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் முதலியோரின் மொழிபெயர்ப்பு நடை ஒரு தலைமுறையின் செவியில் நிலைத்தது. இந்நூல்களைப் பரப்பிய பொதுவுடைமை இயக்கத்தின் தலைவர்களுள் முதன்மையான ப. ஜீவானந்தம் நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியிற் பிறந்தவர் என்பதும், அவ்வியக்கம் இம்மாவட்டத்தில் வாசகர் கூட்டத்தை உண்டாக்கிற்று என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. 1957இல் டில்லியில் இரண்டு ஸ்தாபனங்கள் தோன்றின: ஒன்று நேஷனல் புக் டிரஸ்ட், மற்றொன்று, திருவிதாங்கூரின் காயங்குளத்திற் பிறந்த கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளை நிறுவிய சில்ரன்ஸ் புக் டிரஸ்ட். ஒரே ஓவியத் தகட்டைப் பல மொழிகளுக்கும் பொதுவாக்கி, எழுத்தை மட்டும் மொழிக்கு மொழி மாற்றி அச்சிடும் முறையால் நேஷனல் புக் டிரஸ்ட் ஒரு பிரதியின் செலவை வெகுவாகக் குறைத்தது.

இவற்றின் நன்மை வெளிப்படை. குறை என்று சொல்லப்படுவது, பனியும் பிர்ச் மரமும் நிறைந்த காட்சியோ, எந்த மாநிலத்துக்கும் பொருந்தும்படி பொதுமையாக்கப்பட்ட கிராமமோ, வயலும் குளமும் பனையும் கடலும் சூழ்ந்த ஊரிற் பிறந்த குழந்தையின் கண்ணுக்குத் தன் உலகமாகத் தோன்றாது என்பது. இக்குற்றச்சாட்டை மிகைப்படுத்தலாகாது, அந்நிய நிலத்தைப் படத்திற் காண்பதும் குழந்தைக்கு ஒரு கல்வியே. கவலைக்குரியது வேறொன்று: 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் அந்நூல்கள் ஒருசேர நின்றுபோயின. மானியத்தால் வந்த பழக்கம் மானியம் நீங்கியதும் உள்ளூர்ப் பிரசுரமாக உருமாறவில்லை.

சென்னையின் புதுப் பதிப்பகங்கள்

படநூல் என்ற பெயருக்கு முற்றிலும் தகுதியான முயற்சி 1990களில் சென்னையில்தான் வேரூன்றியது என்பது ஏழாவது கட்சி. கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், பழங்குடி ஓவியர்களை நூலாசிரியர்களாகவே மதித்து, கையால் செய்த காகிதத்தில் திரை அச்சு முறையில் நூல்களைப் பதித்தது. கோண்டு ஓவியர்களின் ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ நூலுக்கு 2008இல் போலோஞா புத்தகச் சந்தையின் பரிசு கிட்டியது. 1996இல் தொடங்கிய தூலிகா, ஒரே படநூலைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளியிட்டது. 2004இல் தோன்றிய பிரதம் புக்ஸ், 2015இல் ‘ஸ்டோரிவீவர்’ தளத்தின் வாயிலாகப் படநூல்களை எவரும் இலவசமாகப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் திறந்துவிட்டது. பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’ வரிசை எளிய விலை நூல்களைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்றது. 2023இல் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து, படங்களோடு கூடிய சிறு நூல்களை அரசுப் பள்ளி மாணவர் கையில் கொடுத்தது.

இக்கட்சியை ஏற்பதில் இரண்டு தயக்கங்கள் உள்ளன. இவற்றுட் பெரும் புகழ் பெற்ற நூல்கள் முதலில் ஆங்கிலத்தில் எண்ணப்பட்டவை; தமிழ் அவற்றுக்கு இரண்டாம் உடையாகவே அமைந்தது. இரண்டாவதாக, ஓவியருக்குரிய பொது அங்கீகாரம் இன்னும் நிலைபெறவில்லை. சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் எழுத்தாளருக்கு உரியது. ஓவியருக்கு அதில் பங்கில்லை.

நாஞ்சில் நாடு கூறும் சான்று

இக்கட்சிகளையெல்லாம் நாஞ்சில் நாட்டின்மேல் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. அச்சே மூலகாரணமென்றால், 1820ஐ ஒட்டியே அது நாகர்கோவிலில் இருந்தது. கவிஞனே காரணமென்றால், தேரூரும் கவிமணி வாழ்ந்த புத்தேரியும் இங்கேயே இருக்கின்றன. சித்திர மரபே காரணமென்றால், பாவைக்கூத்தும் அரண்மனை ஓவியமும் உள்ளன. படிக்கத் தெரிந்த குடும்பங்களே காரணமென்றால், 2011 கணக்கெடுப்பின்படி 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு தமிழ்நாட்டு மாவட்டங்களுள் முதலிடம் பெற்றது கன்னியாகுமரி. அச்சுப்பதிப்புத் திறமையே காரணமென்றால், சுந்தர ராமசாமி 1988இல் தொடங்கிய ‘காலச்சுவடு’ இதழின் வழிவந்த பதிப்பகம் நாகர்கோவிலிலிருந்தே தமிழின் முன்னணிப் பதிப்பகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. அதன் புகழ் பெரியோர்க்கான இலக்கியத்தைச் சார்ந்தது. இத்தனையும் இருந்தும், இந்நாட்டுக் குழந்தைக்கென்று இந்நாட்டிலேயே வரைந்து பதித்த படநூல் மரபு ஒன்று உருவானதாகக் கூற இயலவில்லை.

ஒரு வேறுபாடு இங்கே ஆராயத்தக்கது. 1956 நவம்பர் முதல் நாள் வரை இந்நிலம் திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தது. ஆட்சியின் மொழி மலையாளம். ஆகவே இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கான நூற்சந்தை, திருவனந்தபுரத்துக்கு விளிம்பாகவும் சென்னைக்குத் தொலைவாகவும் இருந்தது. இணைப்புக்குப் பின் விளிம்பு நீங்கினாலும் தொலைவு நீங்கவில்லை. பிளாக்குத் தொழிலும் ஓவியர் சமூகமும் சென்னையிலும், வண்ண அச்சு சிவகாசியிலும் குவிந்தன. கேரளத்தில் 1981இல் அரசே பாலசாகித்தியத்துக்கெனத் தனி நிறுவனம் அமைத்து, எழுத்தாளரையும் ஓவியரையும் ஒரு கூரையின் கீழ்க் கொணர்ந்தது. நாஞ்சில் நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பயன் மொழியால் எட்டவில்லை.

மதிப்பீடும் எஞ்சிய வினாக்களும்

மேற்கூறிய கட்சிகளுள் எதுவும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. தனித்து நின்று எதுவும் போதுமானதுமன்று. அச்சு, கவிதை, சித்திர மரபு, வாசகர், மூலதனம் ஆகியவை தனித்தனியே இருந்த காலத்தும் படநூல் பிறக்கவில்லை. அவற்றை ஓர் ஆசிரியன், ஓர் ஓவியன், ஓர் அச்சாளன், நிச்சயமாக வாங்கும் ஒருவன் என்ற நால்வரின் உடன்பாடாக இணைக்கும் ஏற்பாடு எங்கே அமைந்ததோ அங்கேயே அது பிறந்தது. கல்கத்தாவில் அவ்வேற்பாடு ஒரு குடும்பத்தில் அமைந்தது; மாஸ்கோவில் அரசில் அமைந்தது; சென்னை வடபழனியில் ‘அம்புலிமாமா’ என்னும் சஞ்சிகையில் அமைந்து, நூலாகாமல் நின்றது. இவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்துகிறது என்று மட்டுமே இப்போது சொல்லலாம். ஏனெனில் அது வெற்றி பெற்ற இடங்களைக் கொண்டு கூறப்படுவது. ஏற்பாடு அமைந்தும் தோற்ற முயற்சிகள் எத்தனை என்பதைப் பதிப்பகக் கணக்கேடுகளும் மிஷன் அச்சுக்கூட ஆவணங்களும் முறையாக ஆராயப்பட்ட பின்னரே அறுதியிட முடியும்.

மூன்று வினாக்கள் திறந்தே நிற்கின்றன. அரசு இலவசமாக வழங்கும் சிறு நூல்கள் குடும்பங்களில் நூல் வாங்கும் பழக்கத்தை வளர்க்குமா, அல்லது சோவியத் நூல்களைப் போல மானியத்தோடு முடிந்துபோகுமா என்பது முதலாவது. எவரும் மொழிபெயர்க்கலாம் என்று திறந்துவிட்ட படநூல்கள் தமிழ் ஓவியனுக்கு வேலையைப் பெருக்குமா, குறைக்குமா என்பது இரண்டாவது; இதற்கு இரு பக்கமும் நியாயம் சொல்லலாம். மூன்றாவது, ஒரு வட்டாரத்தின் நிலமும் பேச்சும் படநூலில் இடம்பெறத்தக்க அளவுக்குச் சிறிய அச்சுத்தொகை கட்டுபடியாகுமா என்பது. ஈய எழுத்துக் காலத்தில் அதற்கு விடை ‘இல்லை’ என்பதாகவே இருந்தது. வேண்டும் அளவுக்கு மட்டும் அச்சிடும் இக்காலத்து முறையில் அவ்விடை மாறக்கூடும். அச்சு மலிந்துவிட்டதனால் மட்டும் ஓவியன் உழைப்புக்கு ஊதியம் கிடைத்துவிடாது என்பதால், நாஞ்சில் நாட்டுக் குழந்தைக்கு அந்த நூலை உருவாக்கும் முயற்சி, நூலகக் கொள்முதலும் பள்ளிக் கொள்முதலும் ஓவியத்தின் மதிப்பை எவ்விதம் கணக்கிடப் போகின்றன என்பதையே பெரிதும் சார்ந்திருக்கும்.